இடது கால் ஆடு, வலது கால் மாடு

1

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். குற்றவியல் நடுவர் முன்னிலையில் தராமல் உங்கள் முன்னிலையில் தருவதால் சட்டப்படி இதற்கு மதிப்பு கிடையாது. இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. நான் கற்பனை செய்தது வேறொரு கதை. அதை ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, இருபத்திமூன்று நீதிபதிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெண் உடைத்துப்போட்டுவிட்டார். உடைந்ததைப் பொறுக்கிச் சேர்த்து எழுதுவதுதான் இது.

எனக்கு வாணியம்பாடி. இரண்டு கதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். முதல் தொகுப்பின் பெரும்பகுதி எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி மகேந்திரன் சார் என் கதைகளைப் படித்த மிகச் சிலரில் ஒருவர். ஒரு நாள் போன் செய்து, "எனக்கு ஒரு கேஸ் வேணும் சார்" என்றார். என்மேல் எந்தக் கேஸும் இல்லை சார் என்றேன். பிறகு விளக்கினார். சாட்சியச் சட்டம் புதிதாக வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நீதிபதிகளுக்கு வேலூரில் ஒரு நாள் பயிற்சி நடக்கிறது. அதில் ஒரு மாதிரி விசாரணை நடத்த வேண்டும். உண்மையான வழக்கை எடுத்தால் அதை விசாரிக்கிறவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். அதனால் கற்பனை வழக்குதான் வேண்டும்.

"முழுக்கப் பொய்யா இருக்கணும். ஆனா நம்பற மாதிரி இருக்கணும். அதான் உங்களக் கேட்டேன்" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எழுதினேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஒரு ஷூ திருட்டுப் போகிறது. இடது கால் ஷூ குற்றவாளி வீட்டில் கிடைக்கிறது, வலது கால் கம்பெனியில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஜோடி என்று நிரூபித்தால் கேஸ் நிற்கும். அதற்காக நான்காவது சாட்சியாக ஒரு பெண் தொழிலாளியைப் படைத்து, அவர் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்தேன்: "சான்றுப் பொருள் 1, 2 ஆகிய இரண்டும் ஒரே ஜோடி என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்." மகேந்திரன் சார் பிரமாதம் என்றார். மேசையில் வைக்க ஷூ வேண்டுமே என்றதும், ஆம்பூர் பஜாரில் வாங்கி இரண்டு வருஷமாக நான் போட்டுக்கொண்டிருந்த பிரவுன் ஷூவையே கொடுத்தேன். எழுத்தாளனின் பெருந்தன்மை.

2

இனி கதையை ஆரம்பிக்க வேண்டும்.

வேலூர்க் கோட்டை அகழியின் மேல் காலை வெயில் மெல்ல

(அடித்துவிட்டேன். வேலூர் என்றால் கோட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவில் இருக்கிறது? பயிற்சி நடந்த ஓட்டல் மாடியிலிருந்து கோட்டை தெரியவும் தெரியாது.)

சம்பூர்ணத்துக்கு அன்று காலையிலிருந்தே ஏனோ மனசு

(இதையும் அடித்துவிட்டேன். "ஏனோ" என்பது சோம்பேறி எழுத்தாளனின் சொல். காரணம் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.)

சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். என் கதையை உடைத்துப்போட்ட சம்பூர்ணத்துக்கு வயது நாற்பத்தாறு. ஆலங்காயத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். விடிகாலை கம்பெனி பஸ் பிடித்து ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவர். அவருடைய வேலைக்குப் பேரிங் என்று பெயர். வண்டிச் சக்கரத்தில் இருக்கிற பேரிங் என்று நினைத்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்தேன். இது ஜோடி சேர்க்கிற வேலை. தைத்து முடிந்த இடது கால்கள் ஒரு பக்கம், வலது கால்கள் ஒரு பக்கம் வரும். நிறம், தோல், தையல், உயரம் எல்லாம் பார்த்து, இதற்கு இதுதான் என்று சேர்த்து, அடியில் தன் நம்பரை முத்திரை குத்த வேண்டும். சம்பூர்ணத்தின் நம்பர் ஏழு.

அந்த ஏழால்தான் வினை வந்தது. வெளிநாட்டுக்குப் போன சரக்கில் பன்னிரண்டு ஜோடி தப்பாகச் சேர்ந்திருந்ததாக ஒரு புகார். அடியில் ஏழு என்று முத்திரை. சம்பூர்ணத்தை சஸ்பெண்ட் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கடைசி விசாரணை, அதோடு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தன் மேசையைத் தாண்டிய பிறகு பேக்கிங்கில் மாறியிருக்கும் என்பது சம்பூர்ணத்தின் கட்சி. அதைக் கேட்க ஆள் இல்லை.

கோர்ட்டில் வேலை பார்க்கும் லோகநாதன் அவர் தெருக்காரர். பயிற்சிக்கு ஒரு சாட்சியைப் பிடித்து வரச் சொன்னார்கள் என்றதும், வீட்டில் சும்மா இருக்கும் சம்பூர்ணம் அவருக்கு ஞாபகம் வந்தார். சும்மா நடிப்புதான், ஒரு மணி நேர வேலை என்று சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் பாடமும் எடுத்திருக்கிறார்.

"அரசாங்க வக்கீலு இன்னா கேட்டாலும் 'ஆமா'ன்னு சொல்லுமா. எதிர்க்கட்சி வக்கீலு இன்னா கேட்டாலும் 'சரியல்ல'ன்னு சொல்லு. அவ்ளோதான் கோர்ட்டு."

சம்பூர்ணம் ஆசையாக ஒத்துக்கொண்டார் என்று இந்தக் கதையின் முதல் வரைவில் எழுதியிருந்தேன். கோர்ட்டைப் பார்க்கிற ஆர்வம் என்று ஒரு பத்தி வேறு. பிறகு அவரிடமே கேட்டேன். "ஜட்ஜுங்க இருபது பேருக்கு மேல வர்றாங்கன்னாரு லோகநாதண்ணா. ஒருத்தராவது என்னான்னு கேப்பாங்கன்னு போனேன் சார்" என்றார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

3

ஓட்டலின் மேல்மாடி அறை. பின்னால் கட்டியிருந்த பேனரில் புதிய சட்டத்தின் வடமொழிப் பெயர் இரண்டு முறை தப்பாக அச்சாகி, மூன்றாவது முறை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. மகேந்திரன் சார் ஒரு விதி வைத்தார்: யாராவது பழைய பிரிவு எண்ணைச் சொன்னால் எழுந்து நின்று புதிய எண்ணை மூன்று முறை சொல்ல வேண்டும். பத்து மணிக்குள் பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் புதிய எண்ணைச் சரியாகச் சொன்னார். ஆனால் அது எதைப் பற்றியது என்று அவருக்கே புரியாமல், பழைய எண் என்ன என்று பக்கத்தில் கேட்டார். அவரையும் நிற்க வைத்தார்கள்.

அடுத்த சிக்கல், எல்லோருமே நீதிபதிகள். வக்கீலாக நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டு பேரை வக்கீல் ஆக்கினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆனவர், "ஆட்சேபிக்கிறேன்" என்று எழுந்து, அதே மூச்சில் "ஆட்சேபணை ஏற்கப்படுகிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருஷப் பழக்கம். குற்றவாளியாக இருக்க யாரும் ஒப்பாததால் ஒரு காலி நாற்காலியைக் குற்றவாளி என்று வைத்துக்கொண்டார்கள். குறிப்பில் நாற்காலி "ஆஜர்" என்று எழுதப்பட்டது.

சம்பூர்ணம் மைக் மேடைக்குப் பின்னால் போய் நின்றார். கூட்டத்துக்கு அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டு ஏற்றினார்கள். முறைப்படி நடக்கட்டும் என்று சத்தியப் பிரமாணமும் செய்துவைத்தார்கள். கடவுள் அறிய உண்மை சொல்கிறேன், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன். சம்பூர்ணம் கடைசியில் நின்ற லோகநாதனைப் பார்த்தார். சொல்லு என்று அவர் தலையை ஆட்டினார். சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

இந்த இடத்திலேயே நான் எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். நானோ கடைசி வரிசையில் வெறும் சாக்ஸோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

4

துணியில் சுற்றி அரக்கு வைத்திருந்த ஷூக்களைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்கள். சம்பூர்ணம் முதலில் இடது ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வலதை. இரண்டையும் தூக்கிக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கி ஜன்னல் பக்கம் போனார். சாட்சி கூண்டை விட்டு இறங்கலாமா என்று பின்னால் ஒரு விவாதம் கிளம்பியது. டியூப் லைட்டில் தோல் தெரியாதாம், வெயில் வேண்டுமாம்.

திரும்பி வந்து ஏறினார். அரசுத் தரப்பில் நின்றவர் நான் எழுதிக்கொடுத்த கேள்வியைக் கேட்டார். இரண்டும் ஒரே ஜோடிதானே அம்மா?

"இல்லீங்க ஐயா."

அவர் என் காகிதத்தைப் பார்த்தார். பாடம் மறந்துவிட்டது என்று நினைத்து, நிதானமாக மறுபடி கேட்டார்.

"இல்லீங்க. இடது காலு ஆடு, வலது காலு மாடு."

முன்வரிசையில் ஒரு நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, இந்த வழக்கில் ஆடு எப்போது வந்தது என்று கேட்டார். சம்பூர்ணம் விளக்கினார். ஆட்டுத் தோலில் மயிர்க்கால் சின்னச் சின்னக் கூட்டமாக வரிசை கட்டி இருக்கும், மாட்டுத் தோலில் ஒரே சீராகப் பரவி இருக்கும். மேலே ஒரே பாலிஷ் அடித்ததால் பார்க்க ஒன்றுபோல இருக்கிறது. ஒரே சைஸ்தான், ஆனால் வேறு வேறு லாட், வேறு வேறு நாளில் தைத்த சரக்கு. கடைக்காரர் யாரோ மிச்சம் விழுந்ததைச் சேர்த்து விற்றிருக்கிறார்.

நான் என் கால்களைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக எனக்கு வலது குதிகாலில் வலி. டாக்டர் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார். தலையணையை மாற்றிப் பார்த்தேன், பக்கம் மாற்றிப் படுத்துப் பார்த்தேன். மாடு என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததை நம்பும்படி எழுத எனக்குத் திறமை போதாது. சம்பூர்ணத்தைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்க வேண்டும் என்றார் ஒருவர். உண்மை சொல்கிறவர் எப்படிப் பிறழ் சாட்சி ஆவார் என்றார் இன்னொருவர். வழக்கே பொய்யாக இருக்கும்போது அதில் உண்மை சொல்வது பொய்ச் சாட்சி ஆகாதா என்று மூன்றாமவர் கேட்டார். அதற்கு நாலு பேர் கைதட்டினார்கள். அரசுத் தரப்பு கோப்பைப் புரட்டி, போலீஸ் விசாரணையில் ஜோடி என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள் என்று மடக்கியது.

"என்னை எந்தப் போலீசும் விசாரிக்கலீங்களே ஐயா. அது அந்த சாரு எழுதினது" என்று சம்பூர்ணம் என்னைக் கைகாட்டினார்.

இருபத்திமூன்று நீதிபதிகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் எழுத்துக்கு இத்தனை பேர் ஒரே சமயத்தில் கவனம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தை எழுதும் வேலை நித்யஸ்ரீ என்ற இளம் நடுவருக்கு. அவர் வழக்கமான கோர்ட்டுத் தமிழில் எழுதினார்: "சான்றுப் பொருள் 1, 2 ஆகியவை ஒரே ஜோடி என்றால் சரியல்ல."

[வெளியாட்களுக்கு ஒரு குறிப்பு. வக்கீல் ஒன்றைச் சொல்லி சாட்சி மறுத்தால் எங்கள் கோர்ட்டுகளில் இப்படித்தான் எழுதுவார்கள். அழுதாலும், திட்டினாலும், மயங்கி விழுந்தாலும், காகிதத்தில் "என்றால் சரியல்ல" என்றுதான் வரும். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடச் சுருக்கமான உரைநடை கிடையாது.]

5

மகேந்திரன் சார் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து, நடிக்கத்தானே வந்தீர்கள், ஆமா என்று சொல்லியிருக்கலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"சத்தியம் வாங்கினீங்களே ஐயா" என்றார் சம்பூர்ணம். "பத்தொம்பது வருஷமா இதான் என் வேலை. இதப் போயி ஜோடின்னு நான் சொல்லிட்டா, அவங்க என்மேல சொல்றது நெஜமாயிடும்."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பன்னிரண்டு ஜோடி, நம்பர் ஏழு, திங்கட்கிழமை. எனக்கும் அப்போதுதான் தெரியும். மைக் ஆன் செய்தபடியே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த ஷூவ என் கண்ணுல காட்டவே இல்லீங்க. போட்டோவத்தான் காட்டறாங்க. போட்டோவுல தோலு தெரியுமா ஐயா?"

அப்போது நடுவரிசையிலிருந்து நிஷா என்ற நீதிபதி எழுந்தார். "தெரியாது அம்மா" என்றார். "போட்டோவை யார் எடுத்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்று சான்றிதழ் வேண்டும். அதற்கும் மேல், பொருளையே பார்க்காமல் ஒருவர் பிழைப்பைப் பறிக்கக் கூடாது. இன்று நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்." சம்பூர்ணத்தின் கண்

(நிறுத்துகிறேன். நிஷா என்று அங்கே யாரும் இல்லை. மூன்றாவது வரைவில் நான் சேர்த்த ஆள். யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆத்திரத்தில் பிறந்தவர். அழகாகவும் பேசுகிறார். ஆனால் மாதிரிக் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்துவிட்டு ஒரு பெண் பொய் சொல்ல மறுத்ததைப் பற்றிய கதையில் நான் பொய் சாட்சியை நுழைப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நிஷா, நீங்கள் போகலாம்.)

உண்மையில் நடந்தது இது. போட்டோ என்றதும் ஒருவர் உற்சாகமாக, மின்னணுச் சாட்சியத்துக்கான பிரிவு என்று, "அறுபத்தைந்து பி" என்றார். பழைய எண், பழைய எண் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து நின்று அறுபத்துமூன்று, அறுபத்துமூன்று, அறுபத்துமூன்று என்றார். சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

மகேந்திரன் சார் மட்டும் நின்று, கம்பெனியின் உள் விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்று எடுத்துச் சொன்னார். இன்று இங்கே படித்ததில் பெரும்பாலானது உங்கள் கம்பெனி கேட்டுக்குள் வராது அம்மா என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அதையும் பதிவு செய்கிறேன்.

6

சாப்பாட்டுக்கு ஒரு நாற்காலி குறைந்தது. குற்றவாளி நாற்காலியை எடுக்கலாமா, எடுத்தால் ஜாமீன் கொடுத்ததாக ஆகுமா என்று பேசிப் பார்த்து முடிவு எட்டாததால், மாதிரி வழக்கு அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்கு வாய்தா போடப்பட்டது. சான்றுப் பொருள்களுக்கு மறுபடி அரக்கு வைத்து லோகநாதன் பெட்டியில் பூட்டினார்.

அது என் ஷூ என்றேன். திரும்பப் பெற மனுப் போட வேண்டும் என்றார். போடுகிறேன் என்றேன். வழக்கு எண் இல்லாமல் மனுவை வாங்க முடியாது என்றார். எண் இல்லாத வழக்கில் பொருளை மட்டும் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "பேஜார் பண்ணாதீங்க சார்" என்றார். ஓட்டல் குளியலறை ரப்பர் செருப்போடு கீழே இறங்கினேன்.

சம்பூர்ணம் கேட்டது ஒன்றே ஒன்று. நித்யஸ்ரீ எழுதிய தாளில் ஒரு நகல். அதைத் திங்கட்கிழமை காட்டலாமே. எண் இல்லை, முத்திரை இல்லை, அதனால் நகலும் இல்லை. ஆனால் கலந்துகொண்ட அனைவருக்கும் சான்றிதழ் உண்டு என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தங்க நிற ஓரம் போட்ட கனமான அட்டை. "திருமதி சம்பூர்ணம் அவர்கள் சாட்சியாகச் சிறப்பாக நடித்தமைக்கு."

வாணியம்பாடி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார். ஆம்பூர் தாண்டியதும், "இதக் காட்டினா நான் நல்லா நடிக்கிறவன்னு ஆயிடும் இல்ல சார்?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வாயில் பொய்யை வைத்தவன் நான்தான். அன்றைக்கு எனக்கு இருந்த அவமானத்துக்கு இந்தக் கதை போதாது.

7

திங்கட்கிழமை காலை அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன், அதே ரப்பர் செருப்போடு. வாட்ச்மேன் பதிவேட்டில் வந்த காரணம் என்ற இடத்தில் "சாட்சி" என்று எழுதினேன். லிஸ்டில் பெயர் இல்லை என்று நிறுத்திவிட்டார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். ஆக, இனி வருவது நான் பார்க்காதது, சம்பூர்ணம் சொல்லிக் கேட்டது. செவிவழிச் சாட்சி. பழைய பிரிவு அறுபது. (எழுந்து நிற்கிறேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து.)

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். மேசை மேல் போட்டோக்கள். சம்பூர்ணம் மறுபடி ஷூவைக் காட்டுங்கள் என்று கேட்டார். ஷூ வெளிநாட்டில் இருக்கிறது என்றார் அவர். உங்களுக்கு ஜோடி பார்க்கத் தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்டார். சான்றிதழ் சம்பூர்ணத்தின் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் அதிகாரியின் காலைப் பார்த்தார்.

"சார், உங்க ஷூவ ஒரு நிமிஷம் கழட்டித் தாங்க. ஜோடியா இல்லையான்னு சொல்றேன்."

பக்கத்தில் இருந்த கம்பெனி மேனேஜர் சிரித்தார். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, குனிந்து கயிற்றை அவிழ்த்தார். சம்பூர்ணம் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

முடிவு ஒன்று: ஜோடி இல்லை. அதிகாரி ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷூ, ஒன்று கன்றுத் தோல், ஒன்று கிழட்டு மாட்டுத் தோல். அவர் முகம் மாறுகிறது. போட்டோவை மூடி வைக்கிறார். வேலை திரும்பக் கிடைக்கிறது. இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் சம்பூர்ணத்துக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"அது ஜோடிதான் சார்."

அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காதே, இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்றேன்.

"தெரியும் சார். ஆனா ஜோடியா இருந்துச்சே."

முடிவு இரண்டு: ஜோடிதான் என்று அவர் சொல்கிறார். பொய் சொல்லிப் பிழைக்கக் கிடைத்த வாய்ப்பை விட்டாரே என்று அதிகாரி மனம் நெகிழ்ந்து

(இதை அப்போது அவருக்குப் படித்துக் காட்டவில்லை. மிச்சம் நடந்ததை அந்தப் போனிலேயே சொல்லிவிட்டிருந்தார். அதிகாரி ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு, கயிற்றைக் கட்டி முடித்து, "அது எனக்கே தெரியுமேம்மா" என்றாராம். பிறகு ஏதோ எழுதினாராம். என்ன எழுதினார் என்று சம்பூர்ணத்துக்குத் தெரியவில்லை. ஆர்டர் தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.)

8

ஆர்டர் இன்னும் வரவில்லை. பதினான்காம் தேதியும் இன்னும் வரவில்லை. ஷூ பெட்டியில் இருக்கிறது. எனக்குக் குதிகால் வலி போய்விட்டது, அதுவும் ஒரு சாட்சியம்தான், யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

வாக்குமூலம் எழுதி முடித்தால் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. இந்தக் கதையை நேற்று படித்துக் காட்டினேன். சான்றிதழை இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை படித்தேன் என்று திருத்தினார். நிஷா மேடத்தை ஏன் அனுப்பினீர்கள், நன்றாகத்தானே பேசினார்கள் என்று வருத்தப்பட்டார். முடிவு எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் டெய்லி போஸ்ட்மேனக் கேக்கறேன்" என்றார்.

அதனால் உங்களிடம் வருகிறேன். நீங்கள் அந்தப் பன்னிரண்டு ஜோடியைப் பார்க்கவில்லை. சம்பூர்ணத்தைப் பார்க்கவில்லை. நான் எழுதியதை மட்டும்தான் பார்த்தீர்கள், இதுவும் ஒரு போட்டோதான். இதில் தோல் தெரிகிறதா என்று வெயில் பக்கம் எடுத்துப்போய்ப் பாருங்கள். பிறகு கீழே உள்ள கோட்டில் ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒருத்தராவது கேட்பார்கள் என்றுதான் அவர் அன்றைக்கு வந்தார்.

பன்னிரண்டு ஜோடியைச் சம்பூர்ணம் தவறாகச் சேர்த்தார் என்றால் ................................